நன்றாகத் தூங்குகிறார்

என் அக்காவின் கணவர் இருபது வருடமாக ஷூ போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். கயிறு கட்டிய, கணுக்கால் வரை ஏறுகிற கறுப்பு ஷூ. படுக்கை விரிப்பு அழுக்காகக் கூடாது என்று அக்கா பழைய தலையணை உறையை வெட்டி அந்த ஷூவுக்கு இரண்டு உறை தைத்து வைத்திருக்கிறாள். வாராவாரம் துவைத்து மாட்டிவிடுவாள். இதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்ஸ். போரில் ஒரு கீறல்கூடப் படாமல், விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கி உட்கார்ந்து வந்த வீரர்கள் வைத்த பெயர். அந்த வீரர் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான்.

போர் நடந்தபோது அத்தானும் அவருடைய அண்ணனும் ஒரு கிடங்குக்குள் பதுங்கியிருந்தார்கள். அதற்கு ஒரே கதவு. குண்டு விழுந்து கதவிருந்த பக்கம் மொத்தமாகச் சரிந்தது. அத்தானின் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அண்ணன் அவர் காலின் மேல் விழுந்து கிடந்தார். ஒன்றரை நாள் கழித்துக் கூரையைப் பிரித்து வெளியே எடுத்தபோது ஒருவருக்குத்தான் உயிர் இருந்தது. அப்போது அத்தான் கால்களில் செருப்புகூட இல்லை.

இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததும் அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு படையே கிளம்பியது. ஒரு சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மேடை போடும். அவரை நொண்டி நொண்டி ஏறவைத்து, பூங்கொத்து கொடுத்து, படம் எடுத்துக்கொள்ளும். மேடையிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு; அதை மறித்துக்கொண்டு தலைவர் பேசுவார். அவர் பேசி முடிக்கும் வரை அத்தானுக்கு வியர்த்துக் கொட்டும். நம் சகோதரர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று தலைவர் மைக்கில் சொல்வார், கூட்டம் கை தட்டும். இன்னொரு அமைப்பு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்தது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். அதை நம் மொழியில் பெயர்த்துக் கொடுத்ததும் நான்தான். அத்தான் அதை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "கண்ணை மூடிட்டா கதவை யாரு பார்க்குறது?" நான் சிரித்தேன். சிரித்துவிட்டு இரண்டு வீட்டில் போய் அதைச் சொல்லியும் காட்டினேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. நான் அத்தானுக்கு ஐந்து வருடம் முன்னால் வந்தவன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று எங்கே நம் ஆட்கள் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார்களோ அங்கே டை கட்டிக்கொண்டு போய் நடுவில் உட்காருவேன். கழுத்தில் லைசென்ஸ் அட்டை தொங்கும், அதில் என் எண் இருக்கும். நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். டாக்டர் வயிற்றைக் கேட்டால் ஊரில் இருந்த வீட்டைச் சொல்வார்கள். வயதைக் கேட்டால் செத்துப்போன தம்பியின் வயதையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் அதையெல்லாம் வெட்டி, ஒழுங்குபண்ணி, ஒரே வரியில் டாக்டருக்குக் கொடுப்பேன். டாக்டர்கள் என்னை மெச்சுவார்கள். நானும் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தானுக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் வேலை. ஈர விரிப்பை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வரும், மடித்துத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். விரிப்போடு கத்தரிக்கோல் வரும், மூக்குக்கண்ணாடி வரும், ஒருமுறை பல் செட்டே வந்தது. அங்கே லாரி வந்து நிற்கிற பெரிய ஷட்டர் கதவு பகல் முழுக்கத் திறந்து கிடக்கும். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்து உருளையில் நிற்க ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தான் மட்டும் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே நின்றார். காது இரண்டும் குளிரில் வெடிக்கும், ஆனாலும் நகர மாட்டார். மேற்பார்வையாளர் மனம் உருகி அவருக்குச் சிறந்த தொழிலாளி என்று இரண்டு முறை சான்றிதழ் கொடுத்தார். அந்தக் காகிதமும் பின்னால் எங்களுக்கு எதிராக வந்து நின்றது.

வீடும் அப்படித்தான் அமைந்தது. இடுப்பு நொறுங்கியவர் என்பதால் வீட்டுவசதி அலுவலகம் தரைத்தளத்தில் ஒன்று ஒதுக்கியிருந்தது. முன்கதவு நடைபாதைக்குத் திறக்கும். சமையலறையில் ஒரு பின்கதவு, திறந்தால் குப்பைத் தொட்டிகள் நிற்கிற முற்றம். ஹாலின் மூலையில் ஒரு நாற்காலி போட்டால் அங்கிருந்து இரண்டு கதவுகளும் தெரியும். அது அத்தானின் நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. குப்பை நாற்றம் வருகிறது, அந்தக் கதவை மூடித் தொலையுங்கள் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அத்தான் எழுந்துபோய் மூடுவதுபோல மூடிவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் வந்து உட்காருவார்.

போன வருடம் அந்த வீட்டுக்குத்தான் வேட்டு வந்தது. தடித்த காகிதத்தில் ஒரு கடிதம். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை ஐந்து வருடத்துக்கு முன்பே நல்லபடியாக முடிந்துவிட்டது, இனித் தரைத்தளம் தேவையில்லை, ஆறாவது மாடியில் வேறு வீடு தயாராக இருக்கிறது, லிஃப்ட் உண்டு. வேறு மருத்துவக் காரணம் இருந்தால் மதிப்பீட்டுக்கு வரும் அலுவலரிடம் சொல்லலாம். அடியில் ஒரு வாழ்த்து வேறு. நமக்கு இடுப்பு சரியானதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று பேருமாக அந்த ஆறாவது மாடி வீட்டைப் பார்க்கப் போனோம். அத்தான் லிஃப்டில் ஏறவில்லை, மாற்று இடுப்போடு ஆறு மாடியும் படியேறி வந்தார். வீட்டுக்கு ஒரே கதவு. ஜன்னல்கள் உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காதபடி முடுக்கப்பட்டிருந்தன, யாரும் குதித்துவிடக் கூடாதாம். அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். அத்தான் வாசற்படியைத் தாண்டவில்லை.

"நல்ல வீடு. வெளிச்சமா இருக்கு," என்றார். "நீ இங்க இரு. நான் சலவை நிலையத்துலேயே ஒரு மூலையில தங்கிக்கிறேன். அவங்க விடுவாங்க."

"என்ன பேச்சு இது? முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத் தனித்தனியா இருக்கச் சொல்றீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"என்னால இதுக்குள்ள படுக்க முடியாது," என்றார் அவர். அவர் திரும்பிப் படியிறங்க ஆரம்பித்தார், நாங்கள் இருவரும் லிஃப்டில் இறங்கினோம்.

எனக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. மருத்துவக் காரணம் சொல்லலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். போர்க்காயம், பயம், தூக்கமின்மை; ஊர் உலகத்துக்கே தெரிந்த கதை. அக்கா மகளிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்டால் கல்லுப்போல நிற்கும். எழுதுவாளா என்பதுதான் சந்தேகம். அவள் பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை பல் டாக்டர், மாமனாரும் பல் டாக்டர், ஒரு குடும்பமே ஊரார் வாயைப் பார்த்துச் சம்பாதிக்கிறது. அப்பாவுக்கு மனசு சரியில்லை என்ற ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழக் கூடாது என்பதற்காக நானும் அக்காவும் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண் பார்க்க வந்த அன்று ஷூ உறைகளை அடுப்புக்குக் கீழே ஒளித்து வைத்தோம். அத்தான் அடிக்கடி எழுந்து பின்கதவைப் பார்த்துவிட்டு வந்ததற்கு, சர்க்கரை வியாதி, அதனால் அடிக்கடி எழுந்திருக்கிறார் என்று நானே சமாளித்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

போனில் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன்.

"அவருக்குத் தெரியாம எதுக்கு மாமா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"அப்பா ஷூ போட்டுக்கிட்டுத் தூங்குறது, கதவு, பெரியப்பா கதை, எல்லாம். பழகின ரெண்டாவது மாசமே நான் சொல்லிட்டேன். அவர் தன்னோட அப்பா அம்மாகிட்டயும் சொன்னார். பாவம் மனுஷன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். அன்னைக்கு நீங்க சர்க்கரை வியாதின்னு அளந்தப்ப மூணு பேரும் எப்படிச் சிரிப்பை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க தெரியுமா?"

வாக்குமூலப் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் பல் டாக்டர்கள்மேல் பட்டேன். தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருக்கலாமே, அன்றைக்கு எத்தனை பிஸ்கட் தின்றார்கள்.

அலுவலர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக நாள் குறித்தார்கள். மொழிபெயர்க்க ஆள் கேட்டு ஏஜென்சிக்குச் சொல்லியிருந்தார்கள், ஏஜென்சி வழக்கம்போல என்னை அனுப்பியது. உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்று விதி உண்டு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேறு ஆள் கிடைக்கவில்லை, அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காகிதத்தில் அவர் யாரோ, நான் யாரோ.

அன்று காலை நான் போனபோது வீடு பளபளவென்று இருந்தது. அக்கா முந்தின நாளிலிருந்தே தேய்த்திருக்கிறாள். ஷூ உறைகளைக் காணோம். கட்டிலுக்கடியில் அவர் எப்போதும் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில், டார்ச், விசில் மூன்றையும் காணோம். பின்கதவு முன்னால் துணி காயவைக்கும் ஸ்டாண்டை நிறுத்தி மறைத்திருந்தாள். அத்தானுக்குச் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட்டு உட்காரவைத்திருந்தாள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கே? அவருக்கு உடம்பு சரியில்லைங்கிறதைப் பார்க்கத்தானே அந்த ஆபீசர் அம்மா வர்றாங்க?" என்றேன்.

"அதுக்காக? வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி அலங்கோலமா இருக்கச் சொல்றியா? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நோயைப் பார்க்க வருகிறவர் கண்ணில் நோய் பட்டுவிடக் கூடாது என்று அதைப் பெருக்கி அள்ளி வெளியே கொட்டியிருக்கிறாள். இந்த உலகத்தில் நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றாது. திட்ட வாயெடுப்பதற்குள் மணி அடித்தது.

அலுவலருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குரலில் அப்படியொரு இனிப்பு. எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். இந்தச் சாய்ந்த தலைகளை நான் நூறு பார்த்திருக்கிறேன், பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. உள்ளே வந்ததும் எங்கே உட்காரலாம் என்று பார்த்தார். அத்தான் சட்டென்று எழுந்து தன் மூலை நாற்காலியைக் காட்டினார். வந்தவருக்கு நல்ல நாற்காலி. அந்த அம்மாவும் நன்றி சொல்லி அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மிச்சமிருந்தது ஒரு முக்காலி. அத்தான் அதை இழுத்துப் போட்டு, முன்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்கதவைத் துணி ஸ்டாண்ட் மறைத்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் அவருக்குப் பின்னால் பக்கவாட்டில் இருந்தேன். கேள்விகள் ஆரம்பித்தன. மாடி ஏற முடிகிறதா? முடிகிறது. வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா? போகிறார். அந்த அம்மா சான்றிதழ்களின் நகலைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். அத்தான் புன்னகை செய்தார். அவருடைய இஸ்திரிச் சட்டையின் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் ஈரம் தெரிந்தது. இரண்டாவது கேள்வியில் அது உள்ளங்கை அளவு இருந்தது. ஆறாவது கேள்வியில் இடுப்பு வரை வந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. டேப்லெட்டில் அவர் தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அமைதியாக இருக்கிறார், ஒத்துழைக்கிறார்.

தூக்கம் எப்படி என்ற கேள்வி வந்தது. அத்தான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நல்லாத்தான் தூங்குறேன்," என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இவர் சரியாகத் தூங்குவதே இல்லை, மூடிய அறையில் இருக்க முடியாது, வெளியேற இரண்டு வழி இல்லாத வீட்டில் இவரால் வாழ முடியாது, எல்லாம் போரில் பட்ட அடியால் வந்தது என்று நானே அடுக்கினேன். ரொம்ப நன்றாகவே சொன்னேன்.

அந்த அம்மா தலையை நேராக்கிக்கொண்டார். டேப்லெட்டில் வேறு எதையோ திறந்து, விரலால் தள்ளித் தள்ளி வாய்விட்டுப் படித்தார். ஆஸ்பத்திரியில் வருடாவருடம் நடந்த பரிசோதனைகளின் குறிப்பு. முதல் வருடம்: நன்றாகத் தூங்குகிறார், காலில் வலி மட்டும். இரண்டாம் வருடம்: நன்றாகத் தூங்குகிறார். மூன்றாம் வருடம்: நன்றாகத் தூங்குகிறார், பயம், கெட்ட கனவு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றின் அடியிலும் மொழிபெயர்ப்பாளர் எண் என்று ஒரே எண். என் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்த எண். நல்லவேளை, அந்த அம்மா அட்டையைப் பார்க்கவில்லை.

"பதினெட்டு வருஷம் நல்லாத் தூங்கினவருக்கு, லெட்டர் வந்த மாசம் பார்த்துத் தூக்கம் போயிடுச்சுன்னா நான் மேலிடத்துக்கு என்ன எழுதறது?" என்று கேட்டார். கேலி எதுவும் இல்லை, இனிப்பாகவே கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நிறையப் பேர் இப்படிச் சொல்றாங்க."

நான் அத்தான் பக்கம் குனிந்து, ஃபைலில் வேறு மாதிரி இருக்கிறதாம் என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல வேண்டாம், புரிஞ்சுது," என்றார் அத்தான்.

"என்ன புரிஞ்சுது?"

"அவங்க படிச்சது எல்லாம். பாதிக்கு மேல புரியும் எனக்கு. சலவை நிலையத்துல பத்தொன்பது வருஷமா யார்கிட்ட எந்த பாஷையில பேசுறேன்னு நினைச்சே?" குரலை உயர்த்தவேயில்லை. "மொத தடவை டாக்டர் கேட்டப்ப நான் எல்லாத்தையும் சொன்னேன். ஷூ போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன்னு சொன்னேன். அண்ணன் கால் இன்னும் என் கால் மேல கிடக்குது, அதை நகர்த்தத்தான் எழுந்திருக்கிறேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். நீ ரெண்டே வார்த்தையில முடிச்சே. அப்ப எனக்கு இந்த ஊர் பாஷையில நாலு வார்த்தைதான் தெரியும். அதுல தூக்கமும் இருந்துச்சு, நல்லாங்கிறதும் இருந்துச்சு."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டாக்டர் அறைக்கு வெளியே அக்கா என் கையைக் கிள்ளினாள். மனசு சரியில்லைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா பொண்ணு வாழ்க்கை போச்சுடா என்றாள். அப்போது அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அக்காமேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளே அத்தான் அண்ணனுடைய காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு வந்தது வெட்கம். புது டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், டாக்டர் முன்னால் இந்த மனிதர் மூக்கு ஒழுக அழுது என் மானத்தை வாங்குகிறாரே என்றுதான் நினைத்தேன். நன்றாகத் தூங்குகிறார் என்றேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அழுகிற ஆளை எதிரில் வைத்துக்கொண்டு அப்படி எழுதிய அந்த மகானைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாய் நாறிவிடும். ஆனால் அவருக்கு வழி காட்டியவன் நான்.

"இதெல்லாம் இங்க சொல்லக் கூடாத விஷயம்போலன்னு நினைச்சுக்கிட்டேன்," என்றார் அத்தான். "அடுத்த வருஷத்துல இருந்து நானே நல்லாத் தூங்குறேன்னு சொல்லிட்டேன். உனக்கு எதுக்குச் சிரமம்னு."

சமையலறை வாசலில் டீ தட்டோடு வந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

என்ன சொல்கிறார் என்று அலுவலர் கேட்டார். தலை மறுபடி சாய்ந்திருந்தது. அத்தான் முந்திக்கொண்டு என்னிடம் சொன்னார், "எது தோதோ அதைச் சொல்லிக்கோ. உன் வேலைக்கு ஆபத்து வராம பார்த்துக்கோ. நான் சலவை நிலையத்துலயே தங்கிக்குவேன்."

எனக்குப் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சொல்லலாம். ஆறாவது மாடியைப் பரிசீலிப்பதாகச் சொல்கிறார் எனலாம். இருபது வருடத் தொழில், வாய் தானாகவே வெட்டி ஒழுங்குபண்ணத் தயாராக இருந்தது. அப்போதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதுகைத்தான். சட்டையில் உலர்ந்த இடமே பாக்கியில்லை. ஒரு விருந்தாளிக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, நாற்பது நிமிடமாக அந்தக் கிடங்குக்குள் உட்கார்ந்துகொண்டு என் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்கு என்னைப் பார்த்து வந்த அருவருப்பு அதற்கு முன்பு வேறு எந்த மனிதனைப் பார்த்தும் வந்ததில்லை, அந்தச் சங்கத் தலைவரைப் பார்த்துக்கூட.

கழுத்து அட்டையைக் கழற்றி அந்த அம்மாவிடம் நீட்டினேன். ஃபைலில் இருக்கிற எண்ணோடு ஒத்துப் பாருங்கள் என்றேன். "அந்தப் பதினெட்டு வருஷத்துக்கும் பேசினது அவர் இல்லை, நான். நான் அவரோட மச்சினன். அதையும் நான் சொல்லலை." பிறகு அத்தான் சற்று முன் சொன்ன எல்லாவற்றையும், ஷூவை, அண்ணனின் காலை, நாலு வார்த்தையை, ஒன்றையும் வெட்டாமல், ஒழுங்குபண்ணாமல், அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அண்ணனுடைய கால் வந்த இடத்தில் என் மூக்கு ஒழுகியது. டை கட்டியிருந்தேன்.

அந்த அம்மாவின் தலை நேரானது, இனிப்பும் போய்விட்டது. சாதாரண மனுஷியாகப் பேசினார். "இதை நீங்க கைப்பட எழுதித் தரணும். எழுதினா என்ன ஆகும்னு தெரியும் இல்லையா?"

தெரியும் என்றேன். எழுதினேன். அதற்குள் அவரே எழுந்து முக்காலியை வாங்கிக்கொண்டு, அத்தானை மூலை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அக்கா போய்த் துணி ஸ்டாண்டைப் பின்கதவிலிருந்து நகர்த்தினாள்.

இரண்டு மாதத்தில் என் லைசென்ஸ் போனது. பறித்த கடிதமும் அதே தடித்த காகிதத்தில்தான் வந்தது, வாழ்த்து மட்டும் இல்லை. இப்போது வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வீட்டைப் பற்றி முடிவெடுக்காமல் நிறுத்திவைத்து, அத்தானைப் புது டாக்டர் ஒருத்தர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உறவினர் உள்ளே வரக் கூடாது, மொழிபெயர்க்க வேறு ஆள். சொந்தங்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்ததுபோல ஆகிவிட்டது. பூட்ஸுக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டான் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். அந்த வாய்களை வளர்த்துவிட்டவன் நான், கேட்டுக்கொண்டேன்.

புது டாக்டர் பார்க்கிற நாளில் துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை டை கட்டிக்கொண்டு நுழைந்த அதே அறை. இந்த முறை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். புது மொழிபெயர்ப்பாளர் சின்னப் பெண், வரும்போதே நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு வந்தாள். கதவைச் சாத்தப் போனபோது அத்தான் ஏதோ சொன்னார், அவள் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள், கதவு ஒரு சாண் திறந்தபடி நின்றது. உள்ளே பேசியது காதில் விழவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் காலத்தில் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது. அத்தான் சாதாரணமாகத்தான் இருந்தார்.

"என்ன கேட்டாங்க அத்தான்?"

"எப்படித் தூங்குறீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

என் முகத்தையே பார்த்தார். "நல்லாத் தூங்குறேன்னு சொன்னேன்."

வீடு போச்சு, என் லைசென்ஸும் வீண், எல்லாம் வீண்.

"சும்மா சொன்னேன்டா," என்றார். "ரெண்டு நொடியில மூஞ்சி செத்துப்போச்சே உனக்கு."

வீடு அவர்களுக்கே நிலைத்துவிட்டது, அந்தக் கடிதம் அடுத்த மாதம் வந்தது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. நான் வந்த வழியே, லிஃப்டும் பெரிய கண்ணாடிக் கதவும் இருக்கிற பக்கம் திரும்பி நடந்தேன். அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் வா. அந்த ஸ்டோர் ரூமுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு. அஞ்சு படி இறங்கினா நேரா தெரு."

பத்தொன்பது வருடம் பெரிய மனிதனாட்டம் நான் நடந்து திரிந்த நடைபாதை அது. அங்கே ஒரு கதவு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.